பெட்டிக்குள் நின்றுபோன பாங்கு

என் மகன் பிறந்தபோது வாப்பா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தார்கள். ஆயுசு முழுக்கத் தாராவிப் பட்டறையில் தோல் தூசியைத் தின்ற நெஞ்சு, வேறென்ன செய்யும். பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, சொல்வது எங்கள் வழக்கம். நானே சொல்லியிருக்கலாம். வாப்பா விடவில்லை. "மொதப் பேரனுக்கு நாந்தாம்ல சொல்லுவேன், நீ சும்மா கெட" என்று அண்ணனின் போனில் மூச்சு வாங்கிக்கொண்டே சண்டை பிடித்தார்கள். பச்சைப் பிள்ளையை வார்டுக்குள் விட மாட்டார்கள். அவர்களுக்கோ எழுந்து வர வழியில்லை. சரி, வீடியோ காலில் சொல்லட்டும் என்று முடிவானது.

போன் ஸ்பீக்கரில் அந்தக் குரல் எடுபடாது. அதனால் ஆபீசிலிருந்து சோதனைக்குக் கொண்டுவந்திருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கோபர்கைரனேயில் இருக்கும் எங்கள் வீட்டில் லேப்டாப்போடு மாட்டினேன். அந்தப் பெட்டியை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளை எழுதுவதுதான் என் பிழைப்பு. வருகிற சத்தத்தை டிரைவர் உடனே வெளியே விடாது. கொஞ்சம் மெமரியில் சேர்த்துவைத்து, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்த இடத்துக்குப் பெயர் பஃபர். அது சின்னதாக இருந்தால், நெட் கொஞ்சம் திணறினாலே சத்தம் அறுந்து அறுந்து வரும். பெரிதாக இருந்தால் அறுபடாது, ஆனால் பிந்தி வரும். ஒரு டிரைவர் எவ்வளவு மெமரி கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பும் உண்டு.

பாங்கு சொல்வதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். வாப்பாவின் குரல் கரகரவென்று அறுந்தது. பிள்ளை திடுக்கிட்டு அழுதான். "என்ன இஞ்சினியரோ போங்க" என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து அந்த வரம்பைத் தூக்கிவிட்டு, பஃபரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். சத்தம் படத்துக்குச் சில நொடி பிந்தியது. பாங்குதானே, பதில் பேசவா போகிறோம், பிந்தினால் பிந்தட்டும் என்று விட்டேன்.

மறுநாள் அண்ணன் வாப்பாவின் முகமூடியைக் கழற்றிவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டார். இங்கே மனைவி பிள்ளையின் வலது காதைப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வரிக்கும் நின்று, மூச்சை இழுத்து, வாப்பா சொன்னார்கள். குரலில் ஒரு இடத்தில்கூட அறுப்பு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி வரிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். பிறகு திரையில் உதடு அசைந்தது, முடித்துவிட்டார்கள். முகமூடியை மாட்டுகிற அவசரத்தில் அண்ணன் போனைத் துண்டித்தார். பெட்டி ஊமையாகிவிட்டது.

அழைப்பு முடிந்ததும் பஃபரில் மிச்சம் இருப்பதை டிரைவர் ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் அழித்துவிடும். அப்படித்தான் எழுதியிருந்தோம், அதில் தப்பும் இல்லை. சின்ன பஃபரில் மிச்சம் ஒரு எழுத்துகூடத் தேறாது. நான் பெரிதாக்கி வைத்ததில் ஒரு முழு வரியே நின்றிருந்தது. வாப்பாவின் 'லா இலாஹ இல்லல்லாஹ்' என் வீடு வரை வந்து, பிள்ளையின் காதுக்கு ஒரு சாண் தள்ளி அழிந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் வாப்பாவே கூப்பிட்டார்கள். "புள்ள காதுல முழுசா விழுந்துச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "விழுந்துச்சு மாமா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அந்த மூச்சிடம் யார் கேட்பது? "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரரிடமும் இந்தியில் சொல்லிச் சந்தோஷப்பட்டார்களாம். அந்த வாரமே மவுத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

போன் துண்டான அன்றைக்கே நான் பிள்ளை காதில் பாங்கை முழுசாகச் சொல்லிவிட்டேன். மார்க்கப்படி ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் அறுந்து, பிசிறி, பிள்ளையை அழவைத்தாவது வாப்பா சொன்னது கடைசி வரை வந்து சேர்ந்திருக்கும்.