பத்தாவது வரிக்கு மேலே

அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும். மணிக்கூண்டுக் கதவில் நசுங்கி, நடுவே பிளந்து வளர்ந்த நகம். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலில் மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பூட்டிவைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை, விரல் அவருடையது. அவர் இறந்து எட்டு வருடமாகிறது. போன மாதம் தேனாம்பேட்டை அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் கணினித் திரையின் இடது ஓரத்தில் அந்த விரல் வந்து நின்றது.

உடனே பயந்துவிடவில்லை. தோழியின் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க என் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டிருந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். கோயிலில் கல்யாணம் செய்யக் கேட்கும் அந்தக் காகிதம் அதுவரை எனக்குத் தேவைப்பட்டதில்லை. பங்கு அலுவலகச் செயலாளரோ, "பழைய புக்கெல்லாம் மழைத் தண்ணில ஊறிப்போச்சுக்கா. முன்னாடியே எடுத்துவச்ச பிடிஎஃப்தான் கீது. லிங்க் அனுப்பறேன், எந்தப் பக்கம், எத்தனாவது வரின்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்றார். தன் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதில் கெட்டிக்காரர். கோப்பு பிரவுசரிலேயே திறந்தது. தேடல் கட்டத்தில் என் பெயரை அடித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துத் தாளைப் படமெடுத்தால் அது வெறும் படம்தானே. சரியென்று பக்கம் பக்கமாக உருட்டினேன். படமெடுத்தபோது தாள்களைப் பிரித்துப் பிடித்தவர் கோயில்பிள்ளை. உருட்ட உருட்ட விரல் மேலே போய் மறைவதும், மறுபடி கீழிருந்து வருவதுமாக இருந்தது. எனக்காக அவரே தாள் புரட்டுவது போல் பட்டது. சாப்பாடு ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை.

நான் பிறந்த மாதத்துப் பக்கம் வந்தது. பத்தாவது வரியில் என் பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர். பிள்ளையின் பெயர் பிலோமினா. என் பெயர் அதுவல்ல. ஒன்பதாவது வரியிலும் அதே தேதி, அதே அப்பா, அதே அம்மா. பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விரல். அதுவரை வெற்று ஓரத்தைத் தாண்டாத விரல், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்தின்மேல் படுத்திருந்தது. நானூறு சதவீதம் பெரிதாக்கினேன். நகத்தின் பிளவும் அதில் ஒட்டியிருந்த மெழுகும் தெரிந்தன. விரலோரத்தில் என் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் தெரிந்தன. வேறு பிரவுசரில் திறந்தேன், அலைபேசியில் திறந்தேன். விரல் நகருமா என்ன?

சின்ன வயதில், கல்லறைத் திருநாளன்று கோயில்பிள்ளை எங்கள் பங்குச் சிறுவர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுப்பார், எனக்கு மட்டும் இரண்டு. "உனுக்கு ரெண்டும்மா, எடுத்துக்கினு போ" என்பார். என்மேல் தனிப் பிரியம் என்று பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இரண்டையும் தாத்தா கல்லறையிலேயே ஏற்றுவேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துப்போய்ச் சுவரோரத்தில் பெயரில்லாத ஒரு சிறு மேட்டில் நட்டுவிட்டு வருவார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அன்று சாயங்காலமே மந்தைவெளிக்குப் போய் அம்மாவிடம் அலைபேசியை நீட்டினேன். அம்மா கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"அவுரு கையிதான். ஃபோட்டோ எடுக்கப்போறாங்கன்னு வந்து சொன்னாரு. அந்தப் பேரு உன் கண்ணுல படக் கூடாதுன்னு நான்தான் மறைக்கச் சொன்னேன். பாவம்னு தெரிஞ்சேதான் செஞ்சாரு."

நாங்கள் இரட்டையர் என்று அப்போதுதான் சொன்னாள். மூன்றாம் நாளே இருவருக்கும் ஞானஸ்நானம். பதினோராம் நாள் மூத்தவள் போய்விட்டாள். அவளுடைய பெயரைத்தான் நான் இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன். ஏன் மாற்றினாய் என்று கத்தினேன். அந்த வயதானவளிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

"நான் மாத்தலடி. அவ பேரச் சொல்லிச் சொல்லி அழுவேன். ஒவ்வொரு தபாவும் நீ திரும்பிப் பாத்த. உன் பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பவே மாட்ட."

செயலாளருக்குப் பத்தாவது வரி என்று எழுதி அனுப்பினேன். சான்றிதழ் வந்தது. ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஃபாதர் காகிதத்தைப் பார்த்து, "பிலோமினா, முன்னாடி வாங்க" என்றார். மறுபடியும் கூப்பிட்டார். யார் வரப்போகிறார்கள் என்று நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.