ஏழாம் நம்பர் மலையில் புல் நட்ட வருடம்

வேரோடு பிடுங்கிய தேயிலைக்கு ஒரு வாசம் உண்டு. ஈர மண்ணும் பச்சை மரமும் கலந்த, மூக்கில் ஏறிக் கசக்கும் வாசம்...

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்த மலையையே பிடுங்கத் தொடங்கினார்கள்.

இருபது ஆட்கள் சங்கிலி கட்டி இழுத்தும் லேசில் அசையாத செடிகள் அவை. பிடுங்கிய வேர்களை வெட்டி, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு விறகாகக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் அடுப்பு நன்றாக எரிந்தது. எங்கள் வேலையை எரித்து நாங்களே சோறு பொங்கினோம்.

ஏன் பிடுங்குகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாரத்தில் ஆறு நாள் வேலை மூன்று நாளானது. மொட்டையாகக் கிடந்த மலையில் கயிறு பிடித்து வரிசை வரிசையாகப் புல் நடச் சொன்னார்கள். ஆள் உயரத்துக்கு வளரும் தடித்த சீமைப் புல். நாங்கள்தான் நட்டோம்.

புல் எதற்கு? மாட்டுக்குத்தானே!

அன்று மாலையே லயம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. தோட்டத்தை மாட்டுப்பண்ணை ஆக்கப் போகிறார்கள். பத்து மாட்டுக்கு ஓர் ஆள் போதும். மிச்சப் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று எங்களைச் சட்டம் போட்டுத் தள்ளி வைத்திருந்த காலம் அது. எங்களுக்குக் கெட்டது எதையும் நம்புவது சுலபமாக இருந்தது.

ஒரே சுவரைப் பகிர்ந்த பக்கத்துக் காம்பராவில் இருந்த பார்வதி அக்கா குடும்பம்தான் முதலில் கிளம்பியது. ஏற்கெனவே கையிலிருந்த இந்தியப் பாஸ்போர்ட்டைக் கிடப்பில் போட்டு வைத்திருந்தார்கள். புல் நட்டதும் தூசு தட்டி எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாடு வர்றதுக்குள்ள நீங்களும் வந்துருங்க புள்ள" என்றார்.

அப்பாவும் இந்தியப் பிரஜை ஆவதற்கான மனுவை நிரப்பி வைத்துவிட்டார். தலவாக்கலையில் போட்டோ பிடித்தாயிற்று. திங்கட்கிழமை கண்டிக்குப் போய் இந்திய ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பிறகு இந்த நாட்டில் எங்களுக்கு இடமில்லை.

"அங்க என்னப்பா இருக்கு நமக்கு? நீங்களே பாத்ததில்ல."

"இங்க என்னா இருக்கு? புல்லுதான் இருக்கு."

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

சனிக்கிழமை காலைப் பெரட்டு. வேலை பிரிக்க ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்கிறோம். எங்கள் கண்டாக்கையா, வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், "பொம்பளைங்க பத்துப் பேர் ஏழாம் நம்பருக்குப் போங்க, புல்லு வெட்ட" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்...

"ஐயா, மாடெல்லாம் எப்பங்க வருது?"

"என்னா மாடு?"

"இந்தப் புல்லத் திங்கிற மாடு. எங்கள எல்லாம் இந்தியாவுக்கு அனுப்பிட்டீங்கன்னா பாலு யாரு கறப்பா? தொரையா?"

அப்பா ஆண்கள் பக்கம் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண்டாக்கையா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அடி கூறுகெட்டவளே! மாடும் இல்ல, ஆடும் இல்ல. மண்ணு செத்துக் கெடக்கு. ஒங்க பாட்டன் காலத்துச் செடி அது, இனி என்னா கொழுந்து வரும்? இந்தப் புல்ல வெட்டி வெட்டி அந்த மண்ணுலயே போடணும். ரெண்டு வருசத்துல மண்ணு தேறிரும், புதுத் தேயில நடுவோம். கவுருமெண்டே ஒதவி பண்ணுது, ஏத்துமதி கூடணும்னு. வர்ற மாசம் ஓடைக்கரையில நாத்து மேடை போடப் போறோம். அதுக்கு முப்பது பொம்பளைங்க வேணும்."

"இத ஏங்கையா முன்னாடியே சொல்லல?"

"நீங்க யாரு கேட்டீங்க?"

அந்தப் பதிலுக்கு இன்றுவரை எனக்குக் கோபம் ஆறவில்லை. கொழும்பில் திட்டம் போட்டார்கள். துரைக்குக் கடிதம் வந்தது. ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். குழி வெட்டிப் புல் நட்டவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஆனாலும் அன்று முழுக்கப் புல் வெட்டிக்கொண்டே சிரித்தோம். ஒருத்தி "ம்மா..." என்று கத்துவாள், மற்றவள் "இந்தா, பாலு கறக்கணுமாம், தொரையக் கூப்பிடு" என்பாள். மூன்று மாதம் கழித்து அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

திங்கட்கிழமை அப்பா கண்டிக்குப் போகவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். அம்மா சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுவர்த் தட்டில் அடுக்கினாள்.

நாற்று மேடை வேலைக்கு என் பெயரும் சேர்ந்தது. ஒற்றை இலையோடு வெட்டிய குச்சிகளை மண் நிரப்பிய பைகளில் நட்டோம். முதல் குச்சி துளிர்விட்ட அன்று, வேறு யாரும் பார்க்காமல் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்தச் செடிகளுக்கும் இன்று வயதாகிவிட்டது. எனக்கும்தான். அப்பாவையும் அம்மாவையும் இந்த மண்ணில்தான் அடக்கம் செய்தோம்.

இப்போது அரசாங்கம் ஒரு திட்டம் என்று வாய் திறந்தால், அடுத்த நிமிடம் போனில் வந்துவிடுகிறது. லயத்துப் பிள்ளைகள் அதிகாரிகளை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். "இதுல எங்களுக்கு என்னா வேல? எத்தன பேருக்கு?" எல்லாக் கேள்விக்கும் பதில் வருவதில்லை. ஆனாலும் கேட்கிறார்களே, அதைப் பார்க்க மனசு லேசாகிறது.

அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

பார்வதி அக்கா போய் அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது...