மனுவின் பின்பக்கம்

எந்த மனு கைக்கு வந்தாலும் அன்வரி பேகம் முதலில் அதைத் திருப்பிப் போடுவார். கொடுத்தவரை எங்கே கண்டுபிடிக்கலாம் என்று வெற்றுப் பின்பக்கத்தில் பென்சிலால் பொடியாக எழுதுவார். 'மஞ்சள் கதவு, ஐஸ் பெட்டிக்கு எதிரே.' 'பகலில் இருக்க மாட்டார், இஸ்திரி வண்டியில் மருமகளைக் கேட்கவும்.' உத்தரவு வந்ததும் அதைப் பார்த்து ஆள் அனுப்புவார், இல்லையென்றால் தானே போவார். அபிராமபுரத்தை ஒட்டிய அந்த அரசு அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறார்கள். கோடைப் பயிற்சிக்கு வந்த நான் இரண்டு மாதம் பார்த்தேன். பார்த்து என்ன பயன்?

கண்காணிப்பாளர் சுப்பராமன் சார் கிண்டல் செய்வார். "பேகம்மா, நீங்க இப்படி ரூட் மேப் போட்டுண்டே இருந்தா தபால்காரருக்கு என்ன வேலை?"

பேகம்மா தலை நிமிரமாட்டார். "உங்க தபால்காரரு எங்க வூட்டைத் தேடின கதை தெரியாதா சார்?"

அந்தக் கதையை ஒரு மதியம் எனக்குச் சொன்னார். கணவர் வலியுல்லா அதே அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை கேட்டு பேகம்மா மனுக் கொடுத்தார். இடையில் வீடு மாறியதில், வந்த உத்தரவு 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பிவிட்டது. அது தெரியாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, நான்கு வருடம் காத்திருந்தார். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பென்சில் வாங்கினாராம்.

நிலுவை மனுக்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சீக்கிரம் முடித்து நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று இருந்தது. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தேன். தாள்களை மூட்டை கட்டி வேறொரு கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பெயரில்லாத மூட்டைகள் அங்கே கூரை வரை கிடந்தன, எதையும் தேடி எடுக்க வழியில்லை. என் அம்மா கொடுத்த எந்த மனுவுக்கும் இதுவரை பதில் வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான் ஏன் ஒரு தாளைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை?

ஜூன் கடைசி வாரத்தில் உத்தரவுகள் வரத் தொடங்கின. பின்பக்கங்களைக் கணினியில் காட்டச் சொன்னார் பேகம்மா. இல்லை என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒரு நோட்டு எடு பாப்பா" என்றார்.

ஜூன் முப்பது எனக்குக் கடைசி நாள், அவருக்கு ஓய்வு பெறும் நாள். மீதி இருந்த நான்கு நாட்களும் நான் பெயர்களை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தெருத்தெருவாக நடந்துபோய் வீட்டைச் சொன்னார். ஊரூர் குப்பத்தில் தேவானை வலை காயப்போடும் இடம்கூட அவருக்கு நினைவிருந்தது. அறுபத்து மூன்று பேரில் அறுபத்திரண்டு பேர் கிடைத்தார்கள்.

கிடைக்காதவர் தணிகாசலம்; அவர் வீடு மட்டும் பேகம்மாவுக்கு நினைவுக்கு வரவில்லை. முதியோர் உதவித்தொகை கேட்டிருந்தவர். போன் இல்லை. முகவரியில் 'அடையாறு' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவருடைய உத்தரவு வந்துவிட்டது.

கடைசி நாள் மதியம் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கேக் வெட்டினார்கள். அவருக்குச் சால்வை, எனக்குச் சான்றிதழ். 'பணியில் மிகுந்த கவனம் உடையவர்' என்று அதில் எழுதியிருந்தது. பேகம்மாவிடம் அதைக் காட்டவில்லை.

பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தணிகாசலத்தையே யோசித்துக்கொண்டிருந்தார்.

"வாரா வாரம் வந்துகினு இருந்தாரு பாப்பா. காலு வேற வீங்கிக்கினு கீது. நான்தான் சொன்னேன், இனிமே அலையாத நைனா, ஆர்டர் வந்தா நானே வந்து சொல்றேன்னு."

பஸ் வந்தது. சால்வையைப் பையில் திணித்துக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றிருந்தேன். பார்க்கவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. அவர் மகள் சிம்ராவோடு ஆம்பூருக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை போன் செய்து, "கெடச்சாரா?" என்று மட்டும் கேட்பார். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறில் சுற்றுகிறேன். வீங்கிய காலோடு யார் உட்கார்ந்திருந்தாலும் பெயர் கேட்கிறேன்.

தணிகாசலம் அதன் பிறகு அலுவலகத்துக்கு வரவேயில்லை. பேகம்மா வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் அல்லவா.