மாமனாருக்கு ஒரு மடக்குக் கட்டில்

என் மாமனார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்றுதான் எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது சரியில்லை. கட்டிலும் அவரும் சேர்ந்தே விழுந்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மடவை மீன் குழம்பும் இறால் வறுவலும் சாப்பிட்டுவிட்டு, நான் என் கையால் செய்த இரும்புக் கட்டிலில் சாய்ந்தார். நீட்டிய காலை இன்னும் சரியாகக்கூட வைத்திருக்கமாட்டார், நான்கு மூலையும் ஒரே நேரத்தில் விட்டுப்போயின. பலகையோடு அவர் தரைக்கு வந்தார். தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே சாய்ந்து அவர்மேல் மூடிக்கொண்டன. பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"மாப்ள, இது மடக்குக் கட்டிலா?"

"ஆமா மாமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஓடிவந்து வாசலில் நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமனார் சட்டங்களுக்கு நடுவிலிருந்து மெல்ல வெளியே வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கட்டிலைச் சுற்றிவந்து பார்த்தார். அடி எதுவும் படவில்லை. "பரவால்லியே, எவ்ளோ சின்னதா ஆயிடுச்சி" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

நான் பல வருஷம் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்தக்காரர்களிடம் வெல்டிங் வேலை பார்த்தவன். விரல் கனத் தகடுகளைத்தான் ஒட்டிப் பழக்கம். அந்த வேலையை விட்டுவிட்டு, பழவேற்காட்டில் ஏரியை ஒட்டி எங்கள் குப்பத்திலேயே ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது, கட்டில் எல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். கட்டிலுக்குப் போடும் சதுரக் குழாய் அப்பளம் மாதிரி இருக்கும். என் கை அதில் பட்டதும் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதானது. கடைசியில் எல்லாவற்றையும் பட்டி வைத்துப் பூசி, மேலே சில்வர் பெயிண்ட் அடித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அந்தக் கட்டிலை நிற்க வைத்திருந்தது பெரும்பாலும் பெயிண்ட்தான். மிச்சத்தை ஏரியின் உப்புக்காற்று பார்த்துக்கொண்டது.

மாமனாருக்கு ஆரம்பாக்கத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் நெல் விவசாயம். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தை நம்பிவிட்டால் அதை ஊர் முழுக்கச் சொல்லாமல் விடமாட்டார். ஊருக்குத் திரும்பிய ஒரே வாரத்தில் போன் வந்தது.

"மாப்ள, அந்தக் கட்டில பத்தி இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. எனக்கு ஒண்ணு செஞ்சி எடுத்துகினு வா. எல்லாரும் பாக்கட்டும்."

"சரி மாமா."

"அதே மாதிரி மடியணும். ஆனா நாம சொன்னாதான் மடியணும். அன்னிக்கி அது கொஞ்சம் அவசரப்பட்டுச்சி."

போனை வைத்ததும் என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "யோவ், நைனாகிட்ட ஒடஞ்சி பூட்ச்சுனு சொல்லிட்டா இன்னா இப்போ? தூக்குலயா போடப் போறாரு?"

"கட்டில் ஒடஞ்சா தப்பில்லம்மே. மாப்ள செஞ்ச கட்டில் ஒடஞ்சி மாமனாரே விழுந்தாருன்னா நாளைக்கி எவன் எங்கிட்ட கேட்டு செய்வான்?"

"அதுக்கு? மடிச்சிக் காட்டப் போறியா?"

ஆமாம், மடித்துக் காட்டத்தான் போகிறேன் என்று கொட்டகைக்குப் போய்விட்டேன்.

கட்டிலைப் பலமாகச் செய்வது கஷ்டமில்லை. நான்கு மூலையையும் நல்ல கனத்தில் சுற்றி ஒட்டிவிட்டால் யானை படுத்தாலும் தாங்கும். கழற்றி மாட்டும்படி செய்வதும் கஷ்டமில்லை. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால்தான் தலைவலி. முதலில் போல்ட் போட்டுச் செய்தேன். துளையில் நூலளவு ஆட்டம் இருந்தால் தலைமாட்டில் இரண்டு விரல் ஆட்டம் வந்துவிடுகிறது. உட்கார்ந்தால் கீச், எழுந்தால் கீச். "குருவி வளக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி. சரி, கழற்றி மாற்றுவோம் என்று பார்த்தால், அதற்குள் நட்டு எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. ஆடவும் ஆடியது, கழலவும் மறுத்தது. ஒரே மூட்டு இந்த இரண்டு குற்றத்தையும் சேர்த்துச் செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பழைய வேலையில் மேடு பள்ளமாக நிற்கும் தகடுகளைச் சேர்க்க நாங்கள் ஆப்பு அடிப்போம். அடிக்க அடிக்க இறுகும். அதையே கட்டிலுக்கு வைத்தால் என்ன என்று தோன்றியது. நீளச் சட்டத்தின் முனையில் கனத்த தகட்டில் ஒரு கொக்கி. காலில் அந்தக் கொக்கி மேலிருந்து இறங்கி உட்கார ஒரு வாய். வாயும் கொக்கியும் கீழே போகப் போகக் குறுகும்படி, ஆப்பு மாதிரி. ஆள் ஏறினால் கொக்கி இன்னும் கீழே இறங்கும், இறங்கினால் இன்னும் இறுகும். போல்ட் இல்லை, நட்டு இல்லை. படுப்பவரின் எடைதான் பூட்டு. கொசுவலை கட்ட வசதியாக நான்கு கால்களையும் மேலே ஒரு முழம் நீட்டி விட்டேன். மாட்டிப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். ஒரு தட்டில் வந்தது. சட்டங்களை அடுக்கி வைத்தால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடலாம். கொட்டகையில் தனியாக நின்று நானே கைதட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். பலம் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டேன். மூன்று பேர் ஏறி நின்றார்கள். சத்தமே இல்லை. இன்னும் இரண்டு பேர். அப்போதும் இல்லை. ஐஸ் உடைக்கும் கொட்டகையிலிருந்து இரண்டு பெண்கள் "நாங்களும் வர்றோம், நவுருங்க" என்று ஏறினார்கள். கடைசியாக, ஏரியில் படகு ஓட்டும் என் பங்காளி ஒருவன், எங்கள் குப்பத்திலேயே கனத்த ஆள், தன் மச்சானையும் இழுத்துக்கொண்டு ஏறினான். ஒன்பது பேர். என் மனைவி கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"குதிச்சிப் பாக்கலாமா?" என்றான் பங்காளி.

குதித்தார்கள். கட்டில் அசையவில்லை. கொட்டகையின் தரைதான் போனது. மேலே ஒரு விரல் சிமெண்ட், கீழே வெறும் கிளிஞ்சல் மணல். நான்கு காலும் தரையைப் பொத்துக்கொண்டு ஒரு சாண் ஆழம் இறங்கின. ஒன்பது பேரும் அப்படியே நின்ற வாக்கில் உயரம் குறைந்தார்கள். விழுந்தவர் யாருமில்லை. "சூப்பர் கட்டில்யா, தரதான் மட்டம்" என்று பாராட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார்கள்.

மண்வெட்டியால் தோண்டிக் கட்டிலை வெளியே எடுத்தேன். பிறகு கழற்றப் பார்த்தேன். கழலவில்லை. சுத்தியால் தட்டினேன், அடித்தேன், கார் ஜாக்கி வாங்கிவந்து முட்டுக்கொடுத்தேன். மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். ஒன்பது பேர் குதித்து இறக்கிய கொக்கியை என் ஒருவன் கை மேலே கொண்டுவருமா? அறுக்கலாம் என்றால் மனசு வரவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த மூட்டு அது.

"மாமனாருக்கு வெக்கப் போன ஆப்பு, உனக்கே வெச்சிக்கினியா?" என்றாள் மனைவி. அன்று முழுவதும் சிரித்தாள்.

இதற்கிடையே மாமனார் நாள் குறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், வந்துவிடு என்றார். வேறு வழியில்லாமல் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, முழுக் கட்டிலையும் நிற்க வைத்துக் கயிறு கட்டி, நானும் மனைவியும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, பொன்னேரி வழியாகச் சுற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் போனோம். வழியில் டிரைவர் கேட்டார், "மடக்குக் கட்டில்னு சொன்னீங்க, மடக்கி ஏத்தியிருந்தா ஆட்டோவே போதுமே?" நாங்கள் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மாமனார் வீட்டு வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். பந்தல் போடாததுதான் பாக்கி. கட்டிலை இறக்கினோம். வீட்டு வாசற்படி குறுகல், கட்டில் உள்ளே போகாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. அதுவே அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"பாத்தீங்களா, உள்ள பூராது. இப்போ பாருங்க. மடக்கு மாப்ள."

அவரைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப்போனேன். "மாமா, இது மடியாது. அன்னிக்கும் மடியல. ஒடஞ்சிதான் போச்சி. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் அள்ளிப் போட்டார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நான் ஊரெல்லாம் சொன்னது?"

"தப்புதான் மாமா."

"நான் ஒண்ணும் பொய் சொல்லல. நீ சொன்னத சொன்னேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, அத வுடு. எல்லாரும் வந்துட்டாங்க. எப்டியாவது மடக்கு."

திரும்பி வந்து சுத்தியை எடுத்தேன். அடித்தேன். கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் டிராக்டர் கொண்டுவரவா என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"மேல ஏறி குதிச்சிதான இறுகிச்சி? அப்போ கவுத்துப் போட்டு ஏறுங்க!"

எரிச்சலில்தான் சொன்னாள். சுத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளையே பார்த்தேன். கட்டிலைத் தலைகீழாகப் போட்டால், கொசுவலைக்காக நீட்டிவிட்ட முனைகள் நான்கும் தரையில் ஊன்றி நிற்கும். சட்டத்தின்மேல் எடை ஏற்றினால் கொக்கி வந்த வழியே வெளியே போகும். வேறு எப்படியும் போக முடியாது. இத்தனை நாள் ஜாக்கியோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தோன்றவில்லை.

கவிழ்த்தோம். கால்கள் நான்கும் வானத்தைப் பார்த்து நின்றன. "எல்லாரும் சட்டத்து மேல உக்காருங்க" என்றேன். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மடக்குக் கட்டிலைப் பார்க்க வந்தவர்களை அதன் முதுகில் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? முதலில் மாமனார்தான் போய் உட்கார்ந்தார், ஒரு காலைப் பிடித்துக்கொண்டு. பிறகு இரண்டு பக்கச் சட்டத்திலும் நான்கு நான்கு பேராக வரிசையாக உட்கார்ந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ ஒருவர் நடவுக் கூலி பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

டப் டப்பென்று நான்கு சத்தம். எட்டுப் பேரும் கீழே கிடந்தார்கள். தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. புழுதி அடங்கியபோது மாமனார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துண்டு காணாமல் போயிருந்தது.

"மடிஞ்சிதா இல்லியா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

மடிந்துவிட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இந்தமுறை அது பொய்யில்லை என்பதால் நானும் சத்தமாகவே சொன்னேன். துண்டுதுண்டாக உள்ளே கொண்டுபோய் இரண்டு நிமிஷத்தில் மாட்டினேன். அவர் படுத்தார். வாசலிலும் ஜன்னலிலும் ஆட்கள் நின்று பார்த்ததால் தூக்கம் வரவில்லை. "அட போங்கயா, கட்டில்ல படுத்தவன பாத்ததே இல்லியா?" என்று விரட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி வாசல் புழுதியிலிருந்து அவர் துண்டைத் தேடி எடுத்துவந்து ஜன்னல் கம்பியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான் மட்டும் அன்று மதியம் முழுக்க அந்த அறையை விட்டு நகராமல் நான்கு மூலையையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஊரில் அதன் பிறகு ஏழெட்டு வீட்டுக்குக் கட்டில் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கொக்கிக்குக் கீழே ஒரு திருகாணி வைத்துவிடுகிறேன். கிரீஸ் தடவி வைத்தால் ஒருவரே திருகிக் கொக்கியை மேலே தள்ளிக் கழற்றிவிடலாம். யாரும் அதைத் தொடுவதில்லை. கட்டில் பிரிக்க வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, கவிழ்த்துப் போட்டு, வரிசையாக உட்கார்ந்துகொள்கிறார்கள். டீயும் உண்டு.

போன மாதம் அங்கிருந்து ஒருவர் பிள்ளைகள் படிப்புக்காகப் பொன்னேரிக்கு வாடகை வீடு போனார். போனில் கூப்பிட்டு, கட்டில் நல்லபடியாக வந்து சேர்ந்தது, மாட்டியாகிவிட்டது என்றார். ஆனால் குரலில் ஒரு கவலை.

"இங்க எங்களுக்கு யாரையும் தெரியாதுண்ணா. அடுத்தவாட்டி வீடு மாத்தும்போது எப்டிப் பிரிக்கிறது?"

திருகாணி இருக்கிறது, நீங்கள் ஒருவரே கழற்றலாம் என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாண்ணா. எத்தினி பேர தெரிஞ்சி வெச்சிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

நடுத்தர உடம்பாக இருந்தால் எட்டுப் பேர் போதும் என்றேன்.