தூரமோ?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாடக மேடைக்குப் பின்னால் நாலு பேர் இருந்தோம்: அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வயதான நகைச்சுவை நடிகர், மேடை மனேஜர், நடிகர்களின் உடுப்புகளை அயன் பண்ணும் நான், என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்ட அக்கா. எழுபதுகளின் மெல்பேர்ணில், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. ஒவ்வொரு கிழமையும், நிற்பாட்டிவிடுவார்களோ என்ற பயம்.

அந்த நடிகருக்கும் அதே பயம்தான். சின்ன வயதில், ஊர் ஊராகப் போகும் நாடகக் கூடாரத்தில் வாளி தடுக்கி விழுந்து சிரிக்கவைத்துத் தொடங்கியவராம். பிறகு நியூயோர்க் மேடை, பிறகு படங்கள். எங்கள் ஊர்த் தியேட்டரில், திரையில் அவர் விழுந்து எழும்ப, பாஷை விளங்காத சனமும் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இப்போது ஞாபகம் பிசகியது. முதல் கிழமையே வசனத்தை மறந்து நின்றார். இன்னொரு தரம் பிசகினால் வேறு ஆளை இறக்குவேன் என்று மனேஜர் சொல்லிவிட்டார். "இறக்கினால் இனி ஒருவரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், மிஸிஸ்" என்றார் என்னிடம். சிரிக்காமல் சொன்னார்.

அன்று அவருடைய முறை வந்தது. எழுந்தவர் மேடைப் பக்கம் போகாமல் தெருக்கதவை நோக்கி நடந்தார். மனேஜர் மேடையைப் பார்த்தபடி நின்றார், திரும்பவில்லை.

"ஐயோ, மனுசன் றோட்டுக்கெல்லே போறார்! எங்க போறீங்கள் எண்டு கேளடி!" என்றார் அக்கா.

"வெளிக்கிட்ட ஆளை எப்பிடியக்கா அப்பிடிக் கேக்கிறது?"

"சகுனம் பாக்கிற நேரமே இது? சனம் காசு குடுத்துட்டு இருக்குது!"

புறப்பட்டவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. தூரமோ என்றுதான் கேட்போம். எனக்கு வாயில் வந்ததும் அதுதான். தெரிந்த ஆங்கிலத்தில், "தூரமோ, சேர்?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"இல்லை, மிஸிஸ். கிட்டத்தான்" என்றார் மெதுவாக. "எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினேன். போனார். கொஞ்ச நேரத்தில் சபை சிரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் கேட்கும்வரை காத்து நின்றார். கேட்பேன், கையைக் காட்டுவேன். நாடகம் முடியும்வரை வேறு ஆளை இறக்கவில்லை.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போக டாக்சி வந்து நின்றது. அவரிடம் அமெரிக்கக் காசுதான் இருந்தது. என்னிடம் கைமாற்று வாங்கினார்.

"நாளைக்கு, நாடகத்துக்கு முன்னம் தருகிறேன், மிஸிஸ்."

அவருக்கு அன்று பின்னேரமே விமானம். அக்கா என் முழங்கையை இடித்தார். நான், "ஓம், சேர்" என்றேன்.

பிறகு அவர் மேடை ஏறியதாகக் கேள்விப்படவில்லை. அவர் தரவேண்டியது, இரண்டு டொலர்.