வெட்டுப்பட்ட அட்டையோடு சூரிக் ரயிலில்

லோதர் முதலில் பூர்கியின் முகத்தில் அறைந்தான். பிறகு அவள் கைப்பையைத் தரையில் கொட்டி, ரயில் சலுகை அட்டையைப் பொறுக்கியெடுத்து, சமையலறைக் கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டான்.

"இப்போ போடி பாக்கலாம், உன் தங்கச்சி வீட்டுக்கு."

சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். கசாப்புக்கூடத்தில் மாடு வெட்டுகிறவன்.

பூர்கி எங்கள் ப்ளூடென்ஸ் ஊரில் ஒரு விடுதிச் சமையல்காரி. கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே அவளுடைய சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான் அந்தப் பாவி. அப்புறம் ஒரு பல், அப்புறம் விலா எலும்பு. படியில் விழுந்துவிட்டதாக ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். ஊர் நம்புகிற மாதிரி நடித்தது. எங்கள் ஊருக்கு அந்த நடிப்பு நன்றாக வரும்.

சுவிஸ் எல்லை தாண்டிச் சூரிக்கில் இருக்கும் தங்கை வெரேனாவிடம் போய்விடுவதென்று அவள் முடிவு கட்டியிருந்தாள். டிக்கெட் அவள் காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. சலுகை விலையில் வாங்கிய டிக்கெட். அட்டையையும் காட்டினால்தான் செல்லும். குப்பையைக் கிளறி இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒட்டினாள். கத்தரி அவளுடைய புகைப்படத்தின் நடுவில் ஓடியிருந்தது. பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் பரிசோதகர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். அட்டையைக் கேட்கவே மாட்டார்கள், தலையாட்டிவிட்டுப் போவார்கள். எல்லை தாண்டினால் ஆள் மாறுவார் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. எங்கள் ஊர்க்காரர்களின் புத்தி மலைக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

எல்லை தாண்டியதும் புக்ஸ் நிலையத்தில் ஏறிய சுவிஸ் பரிசோதகர் ரெட்டோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா. வெட்டியிருக்கே."

"தெரியாம... கிழிஞ்சு போச்சு."

"பிளாஸ்டிக் எப்படிம்மா கிழியும்? முழுக்கட்டணமும் அபராதமும் கட்டுங்க. இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன் சார்கான்ஸ்ல இறங்கிடுங்க."

அவளிடம் பணம் இல்லை. சம்பளம் லோதரிடம்தான் போகும். உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். இத்தனை வருஷம் படியில் விழுந்த வாய்க்கு அது வரவில்லை.

"நான் இருக்கேன் சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். லோதர். மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் குப்பையில் துண்டுகளைக் காணாமல், காரை விரட்டிக்கொண்டு எல்லைக்கு முன்னாலேயே ஃபெல்ட்கிர்ஹில் இதே ரயிலைப் பிடித்து, பெட்டி பெட்டியாகத் தேடி வந்திருக்கிறான்.

"என் பொண்டாட்டிதான். கொஞ்சம் மனசு சரியில்ல அவளுக்கு. சார்கான்ஸ்ல இறங்கி ரெண்டு பேரும் திரும்பிடறோம்."

"நல்லதாப் போச்சு," என்றார் ரெட்டோ. நிஜமாகவே நல்லதென்றுதான் நினைத்தார்.

லோதர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மேசைக்கடியில் அவளுடைய கோணல் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வா. இந்தத் தடவ நடக்கவே முடியாதபடி பண்றேன்."

விரல் முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் வேகம் குறைந்தது. நடைமேடையில் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பது ஜன்னலில் தெரிந்தது. இவனோடு இறங்கினால் பிணமாகத்தான் வீடு போவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எதிர் இருக்கைக்காரரின் எஃகுக் குடுவை மேசைமேல் இருந்தது. மறுகையால் அதை எடுத்து லோதரின் மூக்கில் ஒரு போடு போட்டாள். மூக்கு உடைந்து ரத்தம் ஜன்னலில் தெறித்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். வாயில் போட்டாள், பற்கள் மேசைமேல் விழுந்தன. காதோரம் இன்னொன்று. ரெட்டோ ஓடிவந்து அவள் தோளைப் பின்னாலிருந்து பிடித்திழுக்கும்வரை நிறுத்தவில்லை. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, சொல்லப்போனால் சுகமாகவும் இருந்தது.

சார்கான்ஸ் காவல்நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவள் கைக்குக் கட்டுப்போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா முதல்ல அடிச்சது?"

"ரயில்லயா? நான்தான். அப்படியே எழுதிக்கோங்க."

"ஜெயில் வரைக்கும் போகும்மா இது. தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும். அந்த ஜெயிலுக்கு அவன்கிட்ட சாவி இருக்காதில்ல?"