பத்து மணிக்குக் கேட்ட வலி

பஸ் டிக்கெட்டின் பின்னால்கூடத் தேதியும் போன காரியமும் எழுதி வைப்பவன் நான். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத அக்கா ராஜபாளையத்தில் என்னோடு வந்து தங்கியதும், அவள் வலிக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் சரியாகக் காலை பத்து மணிக்குப் போய் நிற்பேன்.

“பத்து மார்க்குக்கு வலி எம்புட்டுக்கா?”

“மூணுன்னு எழுதிக்கோலே. கலெக்டருக்கா அனுப்பப் போற?”

இரண்டு மாதமும் மூன்று, இரண்டு என்றே இருந்தது. நோட்டைப் பார்த்த டாக்டர் இரவு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் வரும் செல்விதான் அடுத்த வாரம் கேட்டார்.

“அண்ணாச்சி, ஒம்பது மணிக்கு நான் வந்து, வெந்நி ஒத்தடம் கொடுத்து, கைகாலை நீவிவிட்ட பொறவுதான நீங்க கேக்கிய? ஒருநா விடியக்காலம் கேட்டுப் பாருங்க.”

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். அக்கா விழித்துக் கிடந்தாள். போர்வை காலடியில் நழுவியிருந்தது. அதை இழுத்துக்கொள்ள அவள் விரல்களால் முடியவில்லை. நான் கேட்பதற்குள் அவளே கேட்டாள்.

“செல்வி வர இன்னும் எம்புட்டு நேரம்லே இருக்கு?”

மூன்றரை மணி நேரம். நோட்டை வைத்துவிட்டு வெந்நீர் போடப் போனேன்.

அன்றே டாக்டரிடம் என் தவறைச் சொன்னேன். மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது. இப்போது ஐந்தரைக்கே ஒத்தடம் கொடுக்கிறேன். பழைய நோட்டைக் கிழித்துப் போடவில்லை. அதில் இரண்டு மாதமாக நான் குறித்திருப்பது செல்வியின் கைப்பக்குவம்.